புண்ணாக்குக் காசு மூத்திரமாகப் போகலாமா?

(கறவை மாடு வளர்ப்போர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பால் விலையை உயர்த்து என்று பலமுறை குரல் கொடுத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாய் ஆனது. அந்த மூன்று ரூபாய் நம்ம கையில நிக்குதா? தீவனக் கடைக்கே போகுது. பால் மாட்டுச் செலவில் பெரிய செலவு தீவனம். அதிலும் விலை கூடுதலானது புரதம், அதாவது புண்ணாக்கு. நாம போடுற புண்ணாக்கு பாலாகுதா, மூத்திரமாகுதா என்று நமக்கு யாராவது சொல்லியிருக்காங்களா? இல்லை. அதைச் சொல்லும் சோதனை இருக்கு. அதை ஊருக்குக் கொண்டுவா என்பதுதான் நம் கோரிக்கை.

இரத்தம் என்ன சொல்லும்?

மாடு தின்ற புண்ணாக்கு நேராக மடிக்குப் போவதில்லை. பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை புரதத்தில் பெரும்பகுதியை உடைத்து அமோனியாவாக்குகின்றன. பிறகு அந்த அமோனியாவைக் கொண்டே தங்கள் உடம்பை வளர்க்கின்றன. அப்படி வளர்ந்த நுண்ணுயிர்தான் பின்னால் மாட்டுக்குப் புரதமாகிறது.

ஆனால் அதுங்க வேலை செய்ய எரிசத்து வேணும். செங்கல்லை மட்டும் இறக்கிவிட்டுக் கொத்தனாருக்குச் சோறு போடாவிட்டால் சுவர் எழும்புமா? வெறும் வைக்கோலைப் போட்டு மேலே மேலே புண்ணாக்கைக் கொட்டினால் அதே கதைதான். மிஞ்சிய அமோனியா இரத்தத்தில் கலக்கும். அது விஷம் என்பதால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். இந்த வேலைக்கும் மாட்டின் சத்துதான் செலவாகும். அந்த யூரியா மூத்திரத்தில் வெளியேறும். ஒரு பங்கு பாலிலும் வரும்.

யூரியா என்றதும் வயலுக்குப் போடுற மூட்டையை நினைக்காதீங்க. இது மாட்டின் உடம்பே உண்டாக்குவது. கலப்படமே இல்லாத பாலிலும் கொஞ்சம் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதியே 100 மில்லி பாலுக்கு 70 மில்லிகிராம் யூரியா வரை அனுமதிக்கிறது.

கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்

இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் இருக்கலாம். அதற்கு மேலே போனால் ஒன்று புரதம் அதிகம், இல்லாவிட்டால் எரிசத்து போதவில்லை. புண்ணாக்கைக் குறைத்து, மக்காச்சோளமோ கம்போ அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் தானியத்தையோ சோற்றையோ அள்ளிக் கொட்டினால் வயிறு புளித்து மாடே செத்துப்போகும். கவனம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவு 19-க்கு மேலே போன பசுக்களில் சினை பிடிப்பது குறைந்ததைக் கண்டார்கள். நம்ம ஊர்ல மூணு ஊசி, நாலு ஊசி போட்டும் சினை நிக்கலைன்னா மாட்டைப் பழிக்கிறோம், ஊசி போட்டவரைப் பழிக்கிறோம். சினை நிற்காததற்குக் காரணம் பல உண்டு. தீவனமும் அதில் ஒன்று. அதை ஏன் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை?

அளவு 10-க்குக் கீழே போனால் பெரும்பாலும் புரதம் போதவில்லை என்று பொருள். வைக்கோலில் நூற்றுக்கு 3, 4 பங்குதான் புரதம். கடலைப் புண்ணாக்கில் 40 பங்குக்கும் மேல். எல்லாராலும் புண்ணாக்கு வாங்க முடியாது. அகத்தி, வேலிமசால் போன்றவற்றின் காய்ந்த எடையில் 20 பங்கை ஒட்டிப் புரதம் இருக்கு. வரப்பிலும் வேலியிலும் வளர்த்தாலே செலவு குறையும்.

சோதனையில் கவனிக்க வேண்டியவை

ஒரு மாட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒரே மாதிரித் தீவனம் தின்கிற, ஒரே கறவை நிலையில் உள்ள எட்டுப் பத்து மாடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீவனம் தின்ற சில மணி நேரத்தில் அளவு ஏறும். ஆகவே எல்லா மாட்டுக்கும் தீவனம் வைத்து ஒரே நேரம் கழித்து எடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்காத மாடு, சிறுநீரகக் கோளாறு உள்ள மாடு என்றாலும் அளவு கூடும். சீட்டில் "யூரியா" என்று இருக்கா, "யூரியா நைட்ரஜன்" என்று இருக்கா பாருங்க. முன்னது பின்னதைப் போல 2.14 மடங்கு. தெரியாமல் பார்த்தால் சரியான மாட்டுக்கும் புண்ணாக்கைக் குறைத்துவிடுவோம்.

இரத்தம் எடுக்க ஊசி வேணும், டாக்டர் வேணும். பாலில் பார்ப்பது அதைவிடச் சுலபம். காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறோம். கொழுப்பு பார்க்கிறாங்க, இதர சத்து பார்க்கிறாங்க. நமக்குக் காசைக் குறைக்க இரண்டு சோதனை. நம்ம செலவைக் குறைக்க ஒரு சோதனை செய்தால் என்ன?

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தார் 1970-லேயே மந்தையின் இரத்தத்தைச் சோதித்துத் தீவனக் குறையைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். நம் நாட்டில் தேசிய பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், 2012 முதல் 2019 வரை, மாட்டுக்குத் தக்க தீவனக் கணக்கு போட்டுக் கொடுத்தார்கள். கணக்கு போட்டால் போதாது. அது பலித்ததா என்று மாட்டின் உடம்பைக் கேட்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பால் சங்கத்திலும் மாதம் ஒருமுறை பாலில் யூரியா அளவு பார்த்து, உற்பத்தியாளருக்குத் தமிழில் சீட்டு கொடு!

2. அளவு தவறிய ஊர்களில் கால்நடைத் துறை இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்து, தீவனத்தை எப்படி மாற்றுவது என்று சொல்!

3. நம் கலப்பின மாட்டுக்கும் எருமைக்கும் பொருந்தும் அளவைக் கால்நடைப் பல்கலைக்கழகம் ஊர்தோறும் வந்து விளக்கட்டும்!

4. தீவன மூட்டையில் அச்சடிக்கும் புரதம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. அதில் யூரியா கலந்தாலும் எண் ஏறும். கலந்த யூரியா எவ்வளவு என்று மூட்டையிலேயே அச்சிடு!

5. பாலில் யூரியா இருக்கு என்ற ஒரே காரணத்துக்காக, விதி அனுமதித்த அளவுக்குள் உள்ள பாலைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பாதே!

தாய்மார்களே! மாட்டுக்குத் தீவனம் வைக்கிறது நீங்க. கணக்கு தெரிய வேண்டியதும் உங்களுக்குத்தான். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்னு கேளுங்க: "எங்க பால்ல யூரியா எவ்வளவு?" ஒருத்தர் கேட்டா சிரிப்பாங்க. ஊரே கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஒன்றுபடுவோம்! உரிமையைக் கேட்டுப் பெறுவோம்!