அக்கியும் முடக்குவாதமும்



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி வீடு. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பாட்டி, தோட்டம் கைமாறிய பிறகு மகள் வீட்டோடு வந்து இருக்கிறார். விரல் மூட்டுகள் வீங்கிப் போயிருக்கின்றன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் விழுங்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருக்கிறார். மகளும் மருமகனும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஆறு வயதுப் பேரன் தாடிகாவிலிருந்து உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வருகிறான். சின்னம்மை. அதே வாரத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி.

பேரனைப் பாட்டி பார்த்துக் கொள்ளலாமா? கூடாதென்றால் மகள் வேலைக்கு எப்படிப் போவாள்? பக்கத்து வீட்டு அக்காவைப் பாட்டி பார்க்கப் போகலாமா? இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஆகவே இன்று நாம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில், சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் இரண்டு வேலைகள் என்பதைத் தெரிந்துகொள்வோம். அக்கி வந்த பெரியவர்களோடு இருந்த குழந்தைகளுக்குச் சில நாள் கழித்துச் சின்னம்மை வருவதை ஹங்கேரி நாட்டு டாக்டர் பொக்காய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டு சொன்னார். இரண்டுக்கும் கிருமி ஒன்றே என்பதை அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர் 1950களில் சோதனைச் சாலையில் உறுதிப்படுத்தினார்.

சின்னம்மை ஆறிவிட்டால் கிருமி போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். அது போவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக் கொள்கிறது. தோட்டத்தில் லாலான் புல்லை நாம் வெட்டியிருக்கிறோம். மேலே எவ்வளவு வெட்டினாலும் மண்ணுக்குள் வேர் இருக்கும். கவனிப்பு குறைந்தால் மறுபடியும் முளைத்து வரும். இந்தக் கிருமியும் அப்படித்தான். உடம்பின் காவல் சக்தி பலமாக இருக்கும் வரையில் அது அடங்கிக் கிடக்கும். வயதாகிக் காவல் தளர்ந்தாலோ, நோயும் மருந்தும் காவலைக் குறைத்தாலோ, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து கொப்புளமாக வெடிக்கிறது. அதுதான் அக்கி. ஒரே நரம்பின் பாதையில் வருவதால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டாற்போல் வருகிறது.

மலாய்க்காரர்கள் இதைக் காயாப் என்பார்கள். சீனர்கள் பாம்பு என்பார்கள். பாம்பின் தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும் என்ற பயமும் பரவியிருக்கிறது. இது உண்மையல்ல. ஆனால் அக்கி சாதாரணமானது என்று விட்டுவிடவும் கூடாது. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு எரிச்சல் நீடிக்கலாம். சட்டை உரசினாலும் தாங்க முடியாது. வயது கூடக் கூட இந்த வலி வரும் வாய்ப்பும் கூடும்.

அமெரிக்கக் கணக்குப்படி மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது அக்கி வருகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் என்ன? முடக்குவாதம் வெறும் மூட்டு வலியல்ல. உடம்பின் காவல் சக்தி வழி தவறித் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. காவலே குழம்பிய நிலை. அதற்குக் கொடுக்கும் மருந்துகளும் அந்தக் காவலை அடக்கித்தான் வலியைக் குறைக்கின்றன.

எல்லா மருந்தும் ஒரே அளவில் அல்ல. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தால் அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. டோபாசிட்டினிப் முதலிய புதிய வகை மாத்திரைகளில் இன்னும் கூடுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இது மிகுதியாகத் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மட்டும் என்றால் கூடுதல் சிறிதே.

முடக்குவாதம் நமக்கு அந்நியமான நோயல்ல. மலேசிய மருத்துவமனைகளின் பதிவுகளில் முடக்குவாதக்காரர்களிடையே இந்தியர்கள், அதிலும் பெண்கள், மக்கள் தொகை விகிதத்தைவிட மிகுதியாகவே காணப்படுகிறார்கள். ஆகவே இது நம் பாட்டிமார், அம்மாமார் பிரச்சினை.

இனி, ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் பெரும் குழப்பம்.

அக்கிக்காரரைத் தொட்டு இன்னொருவருக்கு அக்கி வராது. சின்னம்மைக் குழந்தையைத் தொட்டும் அக்கி வராது. அக்கி என்பது ஏற்கனவே நம் உடம்புக்குள் தூங்கிக் கொண்டிருக்கும் கிருமி விழிப்பது. ஆகவே பாட்டிக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தால், பொதுவாக அவர் பேரனைப் பார்த்துக் கொள்ளலாம், பக்கத்து வீட்டு அக்காவோடும் பேசி இருக்கலாம். ஸ்டீராய்டை அதிக அளவில் எடுப்பவரும், புதிய வகை மருந்துகள் எடுப்பவரும் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் பாட்டிக்குச் சின்னம்மை வந்ததே இல்லை என்றால் கதை வேறு. சின்னம்மைக் குழந்தையின் மூச்சுக்காற்றிலிருந்தும், அக்கிக் கொப்புளத்தின் நீரிலிருந்தும் அவருக்குச் சின்னம்மை ஒட்டும். காவல் குறைந்த உடம்பில் வயது வந்த பிறகு வரும் சின்னம்மை, நுரையீரலையும் ஈரலையும் மூளையையும் தாக்கலாம். உயிருக்கே ஆபத்து உண்டு.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. குளிர் நாடுகளில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே சின்னம்மை வந்து போய்விடுகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அப்படியல்ல. வயது வந்த பிறகும் சின்னம்மை வராதவர்கள் இங்கே பலர் உண்டு. ‘இந்த வயதுக்கு எல்லாம் வந்திருக்கும்’ என்று ஊகிக்கக் கூடாது.

பாட்டியைக் கேட்டால், ‘எனக்குச் சின்னப் பிள்ளையில் அம்மை போட்டது’ என்பார். எந்த அம்மை? நம் மொழியில் அம்மை என்ற ஒரே சொல் பல நோய்களைக் குறிக்கிறது. உலகை விட்டே ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மை ஒன்று. சிவந்த தடிப்போடு வரும் தட்டம்மை ஒன்று. நீர் கோத்த கொப்புளமாக, புதியதும் காய்ந்ததும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கும்படி வருகிற சின்னம்மை ஒன்று. முதல் இரண்டும் சின்னம்மைக்குக் காவல் தராது. கிளினிக்கில் மலாயில் கேட்டால், சின்னம்மைக்குச் சாச்சார் ஆயர், தட்டம்மைக்குச் சம்பாக் என்று பிரித்துச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் கவலை வேண்டாம். இரத்தப் பரிசோதனை ஒன்றில் முன்பு வந்ததா என்பது தெரிந்துவிடும். இதைச் சின்னம்மை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, முடக்குவாத மருந்து தொடங்கும்போதே, டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. அப்படிச் செய்திருந்தால், நாம் தொடக்கத்தில் சொன்ன வீட்டில், யார் லீவு எடுப்பது என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்திருக்கும்.

சின்னம்மை வராத முடக்குவாதக்காரர் நோயாளியோடு ஒரே அறையில் இருந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை ஒட்டத் தொடங்கிவிடும். ஆகவே ‘கொப்புளம் கண்ட உடனே பிரித்துவிட்டோமே’ என்று இருந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். தடுப்புச் சத்து அடங்கிய ஊசியோ, கிருமியை அடக்கும் மாத்திரையோ கொடுத்து நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும். பத்து நாள் கடந்தால் அந்த ஊசி பயன்படாது. நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் வரை ஆகும் என்பதால் காத்திருந்து பார்ப்பது தவறு.

இன்னொரு பக்கத்தையும் மறக்க வேண்டாம். பாட்டிக்கே அக்கி வந்தால், வீட்டில் சின்னம்மை வராத கர்ப்பிணி மருமகளும் பச்சைக் குழந்தையும் விலகி இருக்க வேண்டும். கொப்புளத்தைச் சுத்தமான துணியால் மூடி வைத்தால் ஒட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும் வரை, ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள், துண்டையும் படுக்கையையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கிக்கு நம் பக்கத்தில் காவி எழுதும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் குயவர் வீட்டுக்குப் போய்ச் செம்மண் பூசிக்கொள்வார்கள். வேப்பிலையும் வைப்பார்கள். பக்தியை யாரும் விட வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை கட்டி வெளியாரை உள்ளே விடாத நம் வழக்கம், நோய் பரவாமல் காக்கும் நல்ல முறையும்கூட. ஆனால் கொப்புளத்தில் மண் பூசினால் வேறு கிருமி சேரும். அதைவிடப் பெரிய நஷ்டம், நாள் வீணாவது. அசைக்ளோவிர் என்ற மாத்திரை இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் அம்மையாருக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. கொப்புளம் தோன்றிய மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். ஆகவே டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டாலும் முடக்குவாத மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் போகவேண்டும்.

கொப்புளம் வரும் முன்பே ஒரு பக்கத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கும். முதுகு வலி, மூச்சுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்போம். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் கொப்புளம் வரிசை கட்டினால் அது அக்கி என்று சந்தேகியுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. காதில் வந்து முகம் கோணினாலும், கொப்புளம் உடம்பெங்கும் பரவினாலும், காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலும் ஒரு மணியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

முடக்குவாத மாத்திரைகளை நாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதா என்பதை டாக்டரே முடிவு செய்வார். இன்னொரு எச்சரிக்கை. மூட்டு வலிக்கு உடனடி நிவாரணம் என்று சந்தையில் விற்கும் சில ஜாமு மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாததை வாங்காதீர்கள்.

தடுப்பூசி உண்டா? உண்டு. ஜப்பானியர் மிச்சியாகி தகாஹாஷி, தம் மூன்று வயது மகன் சின்னம்மையால் துடித்ததைக் கண்டு, 1974இல் சின்னம்மைத் தடுப்பூசியை உருவாக்கினார். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. ஆகவே காவலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அக்கிக்கென்று 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஷிங்ரிக்ஸ் என்ற ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. முடக்குவாதக்காரர்களுக்கு அது ஏற்றது. இரண்டு ஊசி போட வேண்டும். விலை அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை. மருந்து தொடங்கும் முன்பே போடுவது சிறந்தது. உங்களுக்கு எப்போது, எங்கே என்று கேளுங்கள். சாலாக் செலாத்தானுக்கு அடுத்த இரயில் நிறுத்தமான பண்டார் துன் ரசாக்கில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. கிள்ளான் வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கினாலும் வழி காட்டுவார்கள்.

நேயர்களே, இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் பாட்டிக்கு எந்த அம்மை வந்தது, என்னென்ன மருந்து, எந்தக் கிழமை எடுக்கிறார், எந்த மருத்துவமனை என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். எழுத முடியாத பாட்டிக்குப் பேத்தி எழுதித் தரட்டும். நம் தோட்டத்துப் பெண்கள் வெயிலிலும் மழையிலும் தேய்த்துத் தந்த கைகள் அவை. வலி இன்றி அமைதியாக முதுமையைக் கழிக்க, நாம் கொடுக்கக்கூடியது அந்த ஒரு தாளும் உரிய நாளில் செய்யும் ஒரு பயணமும்தான்.