ஓய்வும் சிகிச்சைதான்

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆசிரியர் நலன்' என்ற தலைப்பில் சிறிது நேரம் பேசச் சொன்னார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், யோகா பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாம் காதோடு காதாக மட்டும் பேசிக்கொள்ளும் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவ விடுப்பில் இருந்து, உடல் தேறிப் பள்ளிக்குத் திரும்பியவள் நான். சிகிச்சையைவிட அந்த விடுப்பைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

கொற்கைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம் அது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து, இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. என் பிள்ளைகள் வாழைத்தோட்டத்திலும் உப்பளத்திலும் கடலிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள்.

என் உயரம் 155 செ.மீ. அப்போது எடை 92 கிலோ. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 38. இந்தியர்களுக்கு அந்த எண் 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று 2009-இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். சர்க்கரை போன்ற துணை நோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5-க்கு மேல் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை உள்ளவர்கள். ஆகவே இது ஏதோ ஒரு டீச்சரின் சொந்தக் கதை மட்டும் அல்ல. இந்த அறையிலேயே பலருடைய கதை.

விடுப்பு விண்ணப்பத்தோடு போன இடத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அழகுக்குச் செஞ்சுக்கிற ஆபரேஷனுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு நாள் லீவு?" அவர் கேட்டதில் வன்மம் இல்லை. பலர் மனத்தில் இருப்பதை வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்கிறேன்.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்ற சிகிச்சை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் பை போல வரைந்து காட்டுகிறோமே, அந்த இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைக்காய் அளவில் ஒரு குழாய். அதன் ஓரம் நெடுகப் பின் அடித்து மூடியிருப்பார்கள். வெளியே தெரிவது நாலைந்து சிறிய தழும்புகள்தான். உள்ளே இருக்கும் புண் நீளமானது. வெளித் தழும்பைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது.

முதல் இரண்டு வாரம் நீராகாரம்தான்: மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், மருத்துவர் சொல்லும் புரத மாவு. அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பிறகுதான் குழைந்த சோறு, மென்மையான மீன். ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். 30 மில்லி வீதம் என்றால் 50 முறை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 18 நிமிடத்துக்கு ஒரு முறை. இதில் தவறினால் நீர்ச்சத்து குறைந்து மீண்டும் மருத்துவமனைக்குப் போக வேண்டி வரும். காய்ச்சல், படபடப்பு, அதிகமாகும் வயிற்று வலி, இடது தோள் வலி ஆகியவை தையல் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது 'நாளைக்குப் பார்ப்போம்' என்பதே கூடாது.

இனி நம் வேலையை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறோம். உரக்கப் பேசுகிறோம். காலையில் குடித்த தண்ணீரோடு மதியம் வரை ஓட்டுகிறோம். கழிப்பறை வசதியை நினைத்துத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பாடநூல் கட்டைத் தூக்குகிறோம். குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனத்தில் போய்வருகிறோம். புதிதாகத் தைத்த வயிறு எதையெல்லாம் தாங்காதோ, அதெல்லாம்தான் நம் அன்றாட வேலை. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்க நாலு முதல் ஆறு வாரம் வரை எனக்குத் தடை. மருத்துவர் எனக்கு எழுதிய ஓய்வு 45 நாள். முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

நம் தூத்துக்குடியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தக் கடற்கரையில்தான் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார்கள். முத்துச் சிப்பியை மென்தால் கொடுத்துத் தளரவைத்து, உடலைக் கீறி, உள்ளே ஒரு சிறு மணியை வைப்பார்கள். அதுவும் அறுவை சிகிச்சைதான். செய்த கையோடு அந்தச் சிப்பியைக் கடலில் விடுவதில்லை. ஆய்வகத்தில் நல்ல கடல்நீரில் வைத்துத் தேறவிட்ட பிறகே கூண்டில் இட்டுக் கடலுக்கு அனுப்புவார்கள். தேறாத சிப்பி செத்துப்போகும். முத்தும் கிடைக்காது. சிப்பிக்குக் கொடுக்கும் ஓய்வை நாம் நமக்குக் கொடுக்கத் தயங்குகிறோம்.

"மே மாதம் செய்துகொண்டால் லீவே போட வேண்டாமே" என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது. கோடை விடுமுறை வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் மே வெயிலில் நீர்ச்சத்தைக் காப்பாற்றுவது கடினம். ஜூனில் பள்ளி திறந்ததும் சேர்க்கை, பாடநூல், சீருடை என்று ஆண்டிலேயே அதிகம் சுமக்கும் வாரங்கள் வரும். தேதியை மருத்துவரும் உங்கள் உடலும் முடிவு செய்யட்டும். நாட்காட்டி முடிவு செய்ய வேண்டாம்.

விதிகள் நமக்கு எதிராக இல்லை. தமிழ்நாடு விடுப்பு விதிகள், 1933-இன்படி மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் விடுப்பு பணிக்காலத்துக்கேற்பக் கூடும். 20 ஆண்டுக்கு மேல் பணி முடித்தவருக்குப் பணிக்காலம் முழுமைக்கும் 540 நாள் வரை உண்டு. ஆண்டுக்கு 17 நாள் ஈட்டிய விடுப்பும் நம் கணக்கில் சேர்கிறது. திரும்பிச் சேரும்போது உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். காப்பீட்டில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் சான்றில் நோயின் பெயர் இருக்கும். அது அலுவலகக் கோப்புக்கு உரியது. ஆசிரியர் ஓய்வறைக்கு உரியது அல்ல. இதைத் தலைமையாசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மகப்பேறு விடுப்பைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூன்று மாதம். 2011-இல் ஆறு, 2016-இல் ஒன்பது, 2021-இல் பன்னிரண்டு மாதம் என்று உயர்ந்தது. உடல் தேற நாள் வேண்டும் என்பதை அரசு படிப்படியாக ஏற்றுக்கொண்டது. சமூகமும் ஏற்றுக்கொண்டது. மற்றச் சிகிச்சைகளுக்கும் அந்த மனம் வர வேண்டும்.

என்னை அதிகம் உறுத்தியது பிள்ளைகளின் படிப்பு. ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களுக்கு இந்த உறுத்தல் இன்னும் கூடுதல். நான் செய்தது இவ்வளவுதான். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம், எந்தெந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் துணை வேண்டும், எந்தச் சோதனைக்கு எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி உடன் பணிபுரியும் ஆசிரியரிடம் கொடுத்தேன். 45 நாளில் பாதிப் பாடம் நடந்தது. மீதியை நான் திரும்பிவந்து நடத்தினேன். அரைகுறையாகத் தேறி வந்து, பத்தாம் நாள் மயங்கி விழுந்து, மறுபடி இரண்டு மாதம் படுத்திருந்தால் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் அதிகமாகியிருக்கும்.

திரும்பிய பிறகு பள்ளி செய்ய வேண்டியவை சிறியவை. முதல் மாதம் தொடர்ந்து மூன்று பாடவேளை வராதபடி கால அட்டவணை. வகுப்பில் ஒரு நாற்காலி. மேசையில் தண்ணீர்ப் புட்டி. பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம். ஆசிரியருக்கும் அந்த மணி சொந்தமாகட்டும். மதிய உணவு மெதுவாக இறங்கும், அவசரப்படுத்தாதீர்கள். மூன்றாம், நான்காம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். "என்ன டீச்சர் இப்படி ஆயிட்டீங்க?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளிடம் நான் மறைக்கவில்லை. "வயிற்றில் ஆபரேஷன், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன்" என்றேன். ஒருத்தி தினமும் என் புட்டியைப் பார்த்து, "டீச்சர், குடிக்கலயே" என்று நினைவூட்டினாள். வகுப்பில் பருமனான பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மெல்லக் குறைந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது குறுக்கு வழி அல்ல. 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் பதிவை நிறுத்திவைத்தது. விளம்பரத்தையும் குறைந்த கட்டணத்தையும் பார்த்துப் போகாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருத்துவர், இதய மருத்துவர், உணவியல் வல்லுநர் முன்கூட்டியே பார்ப்பார்களா என்று கேளுங்கள். உணவும் நடையும் மருந்தும் போதுமானவர்களுக்கு இது தேவையே இல்லை. செய்துகொண்டவர்களுக்கு பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு.

முடிக்கிறேன். உங்கள் பள்ளியில் யாராவது மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்தால், "எதுக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "எந்த வகுப்பை நான் பார்த்துக்கணும்?" என்று கேளுங்கள். விடுப்பில் இருப்பவரே, மருத்துவர் எழுதிய கடைசி நாள் வரை தேறி வாருங்கள். உங்கள் வகுப்பு உங்களுக்காகக் காத்திருக்கும்.