சட்டம் எழுதச் செலவில்லை

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பார்க்செஸ்டர் என்றொரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1940ஆம் ஆண்டையொட்டி மெட்ரோபாலிடன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் கட்டியது. 12,000க்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்கு இல்லை. அதே நிறுவனம் மன்ஹாட்டனில் ஸ்டைவெசன்ட் டவுனை எழுப்பியபோதும் அதே விதியை வைத்தது. உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய கறுப்பின வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1949இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் நான்கு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தடுக்கச் சட்டம் இல்லை, அதனால் தோற்றோம் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அது சரியான கணிப்புதான். பிறகு சட்டமும் வந்தது. தனியாருக்குச் சொந்தமான குடியிருப்புகளிலும் இனம், நிறம், மதம் பார்த்து வாடகைக்கு விட மறுப்பதைத் தடைசெய்து 1957 டிசம்பரில் நியூயார்க் சட்டம் செய்தது. அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்கு முன் அதைச் செய்திருக்கவில்லை. ஆனால் பத்து ஆண்டுகள் ஓடிய பின்னும் பார்க்செஸ்டரில் குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சில. 1968இல் வில்லியம் பூத் தலைமையில் இருந்த நகர மனித உரிமை ஆணையம் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டிய பிறகுதான் நிறுவனம் இறங்கிவந்தது.

1957க்கும் 1968க்கும் இடையில் எது மாறியது என்பதே இந்த உரையின் கேள்வி. பாகுபாடு குற்றம் என்ற கொள்கை இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றுதான். மாறியது, அந்தக் கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டும் அலுவலகத்தின் பலம். அந்த பலம் அதிகாரத்தால் வருகிறது. அதிகாரம் ஆட்களால் இயங்குகிறது. ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு நகரம் உரிமையைச் சட்டமாக அறிவித்துவிட்டு அதைக் காக்கும் அலுவலகத்துக்குப் பணம் ஒதுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. வேலை மறுக்கப்பட்டவர், வீடு மறுக்கப்பட்டவர் தலையில் போய் விழும். ஆகவே இந்த அலுவலகத்தின் குறைந்தபட்ச நிதி, ஆண்டுதோறும் மேயர் போடும் கணக்கை நம்பியிராமல், நகர சாசனத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம்.

இந்த ஆணையத்தின் வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. 1943 ஆகஸ்டில் ஹார்லெமில் ஒரு கறுப்பினப் படைவீரரைக் காவலர் சுட்டதையடுத்துக் கலவரம் மூண்டது. மறு ஆண்டு மேயர் லகார்டியா ஒற்றுமைக் குழு ஒன்றை அமைத்தார். அறிவுரை சொல்லலாம், அறிக்கை எழுதலாம். அதற்கு மேல் அதனால் ஆவது எதுவும் இல்லை. 1955இல் அது சட்டப்படியான ஆணையமாகி, 1962இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1965இல் அமலாக்கும் அதிகாரம் விரிந்தது. 1970 முதல் 1977 வரை எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் தலைமையில் அது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அங்கிருந்துதான் அவர் மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் தலைவரானார். அடுத்து வந்தது தேய்பிறை. 1990களில் வழக்கறிஞர்களும் புலனாய்வாளர்களும் வெகுவாகக் குறைக்கப்பட்டார்கள். 1991இல் நாட்டிலேயே வலுவானதாகத் திருத்தப்பட்ட சட்டம் ஏட்டில் இருந்த அதே ஆண்டுகள் அவை. நகர மன்றம் என்ன செய்தது? மேலும் சட்டங்களை எழுதியது. 2005இல் சட்டத்தை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்களுக்குச் சொல்லும் திருத்தம். 2008இல் அரசின் வாடகை உதவியைக் காட்டுபவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்ற விதி. 2015இல் பழைய குற்றப் பதிவையும் கடன் வரலாற்றையும் வைத்து வேலை மறுப்பதற்குக் கட்டுப்பாடு. 2017இல் முந்தைய சம்பளத்தைக் கேட்கத் தடை. 2022இல் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிடும் கட்டாயம். 2023இல் உயரமும் எடையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பு. ஒவ்வொன்றும் நியாயமானதே. ஆனால் ஒரு சட்டத்தை நிறைவேற்ற ஒரு பிற்பகலும் சில ஒலிவாங்கிகளும் போதும்; மன்ற உறுப்பினருக்கு அடுத்த தேர்தலுக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் கிடைத்துவிடுகிறது. புலனாய்வாளர் ஒருவரின் பதினைந்தாவது ஆண்டுச் சம்பளத்துக்கு யாரும் துண்டுப் பிரசுரம் அடிப்பதில்லை.

இதன் விளைவை 2008ஆம் ஆண்டு விதியில் தெளிவாகக் காணலாம். வாடகை உதவிச் சீட்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் விடுதியிலோ உறவினர் வீட்டுக் கூடத்திலோ இருப்பவர். சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. சில மாதங்களுக்குள் வீடு பிடிக்காவிட்டால் புதுப்பிக்க அலைய வேண்டும். தரகர் 'இந்தத் திட்டங்களை நாங்கள் எடுப்பதில்லை' என்று சொன்ன அன்றே ஆணையத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சட்டத்தை நினைவூட்டினால், பல நேரங்களில் அந்த வீடே கிடைத்துவிடும். எட்டு மாதம் கழித்து அழைத்தால் வீட்டில் வேறொருவர் குடியிருப்பார். இதற்கென்றே ஆணையத்தில் தனிப் பிரிவு இருந்தது. 2022இல் அந்தப் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று நகரப் பத்திரிகைகள் எழுதின. விதி அப்படியேதான் இருந்தது. நகரத்தின் ஆண்டு பட்ஜெட் 11,000 கோடி டாலருக்கு மேல். ஆணையத்துக்குப் போவது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். பத்தாயிரம் டாலரில் ஒன்றரை டாலருக்குள் அடங்கிவிடும். 2020 கணக்கெடுப்பில் 88 லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. தலைக்கு இரண்டு டாலர்கூட இல்லை.

இந்தச் சிறுமை எப்படி நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். யாரும் எழுந்து நின்று 'பாகுபாட்டை விசாரிக்க வேண்டாம்' என்று சொல்வதில்லை. நகரச் சம்பளம் போதாமல் ஒரு வழக்கறிஞர் தனியார் நிறுவனத்துக்குப் போகிறார். இடம் காலியாகிறது. பணியமர்த்தல் நிறுத்திவைக்கப்படுகிறது. அடுத்து எல்லாத் துறைகளும் இத்தனை விழுக்காடு குறைக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. 2023 நவம்பரில் ஐந்து விழுக்காடு என்று வந்தது. பெரிய துறை அதைச் சமாளிக்கும். சின்ன அலுவலகம் அந்தக் காலியிடத்தையே சேமிப்பாகக் காட்டி ஒழித்துவிடுகிறது. இருப்பவர் தலையில் கோப்புகள் குவிகின்றன. ஒரு புகார் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அதற்குள் கண்காணிப்புக் கேமராவின் பதிவு அழிந்துவிடும், சாட்சி சொல்லக்கூடிய மேற்பார்வையாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார். செய்தி பரவுகிறது: அங்கே போய்ப் பயனில்லை. புகார்கள் குறைகின்றன. அடுத்த பட்ஜெட்டில் நிதி அதிகாரி கேட்கிறார்: புகாரே குறைந்துவிட்டதே, எதற்கு இத்தனை ஆட்கள்? புகார் எண்ணிக்கையைப் பாகுபாட்டின் அளவுகோலாக எடுப்பது இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய பிழை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று உண்டு. நியூயார்க் சட்டம் பாதிக்கப்பட்டவர் நேரே நீதிமன்றம் போக வழி தருகிறது. வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு கட்ட வேண்டும். அப்படியிருக்க அரசு அலுவலகம் எதற்கு? தனியார் வழக்குகள் இந்தச் சட்டத்தை வளர்த்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வழக்கறிஞர் எடுக்கும் வழக்கு, பெரும் இழப்பீடு வரக்கூடிய வழக்கு. வேலை பறிபோன வங்கி அதிகாரிக்கு வக்கீல் கிடைப்பார். மாதம் இரண்டாயிரம் டாலர் வாடகை வீடு மறுக்கப்பட்ட தாய்க்குக் கிடைப்பது அரிது. அதைவிட முக்கியமானது, பாகுபாடு பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் கண்ணுக்கே தெரிவதில்லை. 'வீடு நேற்றே போய்விட்டது' என்ற மரியாதையான பதில் பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கும் முறை, ஒரே வருமானம், ஒரே குடும்ப அளவு சொல்லும் இரண்டு சோதனையாளர்களை அடுத்தடுத்து அனுப்புவது: ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். அப்படிப்பட்ட சோதனையாளரும் வழக்குத் தொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் ஏற்றது. இதற்குப் பயிற்சி வேண்டும், பணம் வேண்டும், எந்தக் கட்சிக்காரரும் வந்து கேட்காதபோதே தொடங்கும் அதிகாரமும் வேண்டும். தனியாள் வழக்கு அவருக்கு இழப்பீடு வாங்கித் தரும். அரசு அலுவலகம் நடைமுறையையே மாற்ற வைக்கும். 2024இல் வாடகை உதவிச் சீட்டு வைத்திருந்தவர்களை மறுத்த வழக்கில் ஆணையம் பெற்ற உடன்பாட்டில் 10 லட்சம் டாலர் மட்டுமல்ல, சீட்டு வைத்திருப்பவர்களுக்கென 850 வீடுகள் ஒதுக்கும் நிபந்தனையும் இருந்தது. அந்த வீடுகள் இருக்கும் குடியிருப்பின் பெயர் பார்க்செஸ்டர். உரிமையாளர் மாறியிருந்தார், மறுப்புக்கான காரணமும் மாறியிருந்தது.

மாநிலத்திலும் மத்தியிலும் இதே வேலைக்கு அலுவலகங்கள் உண்டே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை, 1945லேயே வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் மாநிலம் நியூயார்க். ஆனால் நகரச் சட்டம் காக்கும் பல வகைகள் மத்தியச் சட்டத்தில் இல்லை. வாடகை உதவிச் சீட்டு அதில் ஒன்று. மேலிடத்தின் அக்கறையும் ஆட்சிக்கு ஆட்சி மாறுவது. பார்வைக்குப் பொதுவாக இருந்து ஒரு பிரிவினரை மட்டும் வெளியே தள்ளும் விதிகளை எதிர்ப்பதை மத்திய அரசு முடிந்தவரை கைவிட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அதிபரின் ஆணை வந்தது. மத்திய அரசு தரும் உதவிப் பணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுவசதித் துறையும் சம வேலைவாய்ப்பு ஆணையமும் முடித்த வழக்குக்கு இவ்வளவு என்று உள்ளூர் அலுவலகங்களுக்குத் தருகின்றன. அப்படி வரும் பணம் சுலபமான கோப்பை முதலில் எடுக்கச் சொல்லும். ஆண்டுகள் பிடிக்கும் பெரிய விசாரணையைத் தள்ளிப்போடச் சொல்லும். அபராதத்தை ஆணையமே வைத்துக்கொள்ளட்டும் என்பாரின் யோசனையும் இதே ரகம். மனமறிந்து செய்த மீறலுக்கு 2,50,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் அலுவலகம் நியாயத்துக்காக அபராதம் போட்டதா, சம்பளத்துக்காகப் போட்டதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், கேட்பதும் தவறில்லை.

தமிழருக்கு இதில் தொலைவான அக்கறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். புகார் போக வேண்டிய இடம் நகரத்தின் குடிமை உரிமை அலுவலகம். அந்த அலுவலகத்தின் புலனாய்வாளருக்கு முன்னால் ஒரு கோப்பு வருகிறதென்று கொள்வோம். சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அசைவம் உண்டா, வீட்டில் என்ன தெய்வம் என்ற கேள்விகளிலும், அன்பாகத் தோளைத் தட்டிப் பூணூல் தேடும் கையிலும் என்ன விசாரிக்கப்படுகிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லித் தர வேண்டும். சாட்சிகளின் மொழி தெரிந்தவர் வேண்டும், சம்பள உயர்வுப் பட்டியலில் எதைத் தேடுவது என்று அறிந்தவர் வேண்டும். இவை எதுவும் ஆறு வாக்குகளில் அடங்கியிருக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டாடிய நம்மவரும் கண்டித்த நம்மவரும் அதன் சொற்களைப் பற்றித்தான் பேசினார்கள். அதன் பட்ஜெட்டைப் பற்றிப் பேசக் கேட்டது குறைவு.

எஞ்சியிருப்பது ஜனநாயக ஆட்சேபம். பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கத்தான் மேயரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் சாசனத்தில் பங்கு எழுதிவைத்தால் அவர்களுக்கு வேலை என்ன? பொதுவாக எனக்கும் இது உடன்பாடே. பூங்காவுக்கும் நூலகத்துக்கும் நான் இப்படி ஒதுக்கச் சொல்லமாட்டேன். இங்கே நிலைமை வேறு. நகரத்தின் சொந்தத் துறைகள் மீதும் இந்த ஆணையம் விசாரணை நடத்தலாம். அந்தத் துறைகளுக்கு மேலே இருக்கும் மேயரே ஆணையத்தின் பட்ஜெட்டையும் எழுதுகிறார், ஆணையத்தின் தலைவரையும் நியமிக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் நியூயார்க் ஏற்கெனவே வழி கண்டிருக்கிறது. மேயரின் கணக்கைச் சரிபார்க்கும் தன்னாட்சி பட்ஜெட் அலுவலகத்துக்கு, மேயரின் பட்ஜெட் அலுவலகம் பெறும் தொகையில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் வாரியத்தின் ஆள்பலம் சீருடைக் காவலர் எண்ணிக்கையில் 0.65 விழுக்காட்டுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் வாக்காளர்களே முடிவுசெய்தார்கள். நிதி நெருக்கடி என்று மேயர் காரணம் காட்டினால் குறைக்கலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. மனித உரிமை ஆணையத்துக்கும் அதே விலக்கோடு ஓர் அளவு வகுக்கலாம். அந்த அளவைப் புகார் எண்ணிக்கையோடு கட்டக் கூடாது. ஏன் என்று மேலே சொன்னேன். நகரத்தின் சார்பில் வழக்காடும் சட்டத் துறையின் ஒதுக்கீட்டில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு என்று வைப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள நகரம் எத்தனை வக்கீல்களைச் சேர்க்கிறதோ, அந்த விகிதத்தில் அதன் மீது குறை சொல்ல வருபவருக்கும் விசாரிக்க ஆள் கூடும்.