நீதிமன்றம் விடுவித்த பின்னும் நிற்கும் கடன்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! வணிகத்தில் நொடித்தவர் நீதிமன்றத்தில் திவால் மனு அளிப்பதை 'மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார்' என்கிறோம். 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, அவருடைய சொத்து கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும். பின்னர் விடுவிப்பு ஆணை கிடைத்தால், எஞ்சிய கடனுக்காக அவர் மீது வழக்காட இயலாது. அரசுக்குரிய பாக்கி, மோசடியால் வந்த கடன், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் போன்றவற்றுக்கு அந்த விடுவிப்பு இல்லை. மனைவியின் மஹரோ இவ்விலக்குகளில் கூறப்படவில்லை.

அப்படியாயின் மஹரும், பிறர் கடனும் ஷரீஅத்திலும் தீர்ந்துவிட்டனவா? இல்லை!

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகள் சேதமுற்று, அவர் பெருங்கடனாளி ஆனார். மக்கள் அளித்த தர்மமும் கடனை அடைக்கப் போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுமாறும், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்றும் கடன் கொடுத்தோரிடம் நபியவர்கள் கூறினார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இப்போது அவரை நெருக்கலாகாது. வசதி வந்தால் மீதியைச் செலுத்த வேண்டும் என்றே இதற்கு மார்க்க அறிஞர்கள் விளக்கம் தருகின்றனர். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறும், தர்மமாக விட்டுவிடுவது மேலானது என்றும் திருமறையின் 2:280 வசனம் போதிக்கிறது.

எனவே நீதிமன்ற ஆணையை மதிப்போம். கடனாளியின் வாசலில் நின்று அவரை அவமதிக்க வேண்டாம். ஆனால் கடனாளியே! வசதி திரும்பிய நாளில், எவரும் கேளாமலே நீர் கொடுத்தாக வேண்டும். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி மஹரும் உம் பொறுப்பிலேயே நிற்கும்.

சிலர் மனு அளிக்குமுன், கொடுக்கும் எண்ணமின்றி, மஹருக்குப் பகரம் எனக் கூறி வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுகின்றனர். மஹர் கொடுப்பது கடமை. அதன் பெயரால் பிறர் உரிமையை மறைப்பது மோசடி. நல்லெண்ணமற்ற இத்தகைய மாற்றத்தை, மாற்றிய ஈராண்டுக்குள் தாக்கலான மனுவின் பேரில் அவர் நொடித்தவரென அறிவிக்கப்பட்டால், நீதிமன்றமும் செல்லாததாக்க முடியும். இங்கே இரு சட்டங்களும் ஒன்றுபடுகின்றன.

ஷஹீதின் பாவங்களெல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்பது நபிமொழி. ஆகவே, எஞ்சிய கடன்களை எழுதி வையுங்கள், பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வாரிசுகளே! பாகம் பிரிக்குமுன் கடனை அடையுங்கள். செல்வந்தர்களே! ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பதை மறவாதீர்கள்.

கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.