வீட்டுக்குள் இருந்தபடி வீட்டைப் பார்ப்பது

 

நாம் பால்வீதி என்பதை ஜெர்மானியர் மில்ஹ்ஷ்ட்ராஸ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பால் தெருதான். நமக்கு அது ஆகாய கங்கையும்கூட. ஏன் அது தெருப்போல, ஆறுபோல நீண்டு தெரிகிறது?

1755இல் இம்மானுவேல் காண்ட் இதற்கு விளக்கம் எழுதினார். விண்மீன்கள் ஒரு தட்டையான வட்டாகப் பரந்திருக்கின்றன, நாம் அதற்குள் இருக்கிறோம் என்றார். நல்லூர்த் தேர்க் கூட்டத்தின் நடுவே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைகள். அண்ணாந்தால் வெறும் வானம். அதேபோல வட்டின் தளத்தில் பார்த்தால் விண்மீன்கள் நெருங்கிப் பட்டையாகின்றன. காண்ட் தன் ஊரான கோனிக்ஸ்பெர்க் பகுதியைவிட்டு வெகுதூரம் போகாதவர்.

பெர்லினுக்கு மேற்கே வெஸ்ட்ஹாவல்லாண்ட் என்ற இடம் இருக்கிறது. 2014இல் ஜெர்மனியின் முதல் இருள்வானக் காப்பகமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் நிலவில்லாத இரவில் அங்கே பால்வீதி தலைக்கு மேலே ஓடும். ஆனால் அதன் மையம் இருக்கும் தனுசு மண்டலத் திசை, அங்கே அடிவானத்திலிருந்து எட்டு ஒன்பது பாகைக்கு மேல் எழுவதில்லை. நீட்டிய கையின் முட்டி அளவு உயரம்கூட இல்லை. மரங்களும் மூட்டமும் மறைத்துவிடும். யாழ்ப்பாணத்திலோ அதே மையம் 50 பாகைக்கு மேல் ஏறி நிற்கும்.

மியூனிக் அருகே கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கென்ஸலும் அவர் குழுவும் அந்த மையத்தை ஆராயத் தெற்கே சிலி நாட்டுத் தொலைநோக்கிகளுக்குத்தான் போனார்கள். தூசி மறைக்கும் இடத்தை அகச்சிவப்பு ஒளியில் பார்த்தார்கள். எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை மையத்தைச் சுற்றிவருவதைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே சுமார் நாற்பது லட்சம் சூரியன்களின் நிறை ஒரு சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது. அது கருந்துளையாகத்தான் இருக்கவேண்டும். கென்ஸலுக்கு 2020இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வெளியே வந்தால்தான் ஊர் முழுதாகத் தெரியும் என்று புலம்பெயர்ந்த நாம் சொல்லிக்கொள்வதுண்டு. பால்வீதியைவிட்டு யாரும் வெளியே போனதில்லை. புத்தகங்களில் நாம் பார்க்கும் அதன் முழுச் சுருள்வடிவம் வரைந்த படம்தான். உள்ளே நின்று, இடம் மாறி மாறிப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. நம் ஊரையும் நாம் அப்படித்தான் அறிய முடியும் என்று எனக்குப் படுகிறது.

இங்கே நகரங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் பால்வீதியைக் கண்டதே இல்லை. ஆகஸ்ட் விடுமுறையில் அவர்களை ஊருக்குக் கூட்டிப்போகிறோம். கோயிலைக் காட்டுகிறோம், உறவினர் வீடுகளுக்குப் போகிறோம். நிலவில்லாத ஓர் இரவில், ஒன்பது மணிபோல, முற்றத்து விளக்கை அணைத்துத் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் அடிவானத்தோடு நின்றுவிடும் பகுதி அங்கே உயரத்தில் இருக்கும்.