பதினேழாவது வரி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"தொழிற்சாலை விரிவாக்கத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். வெற்றிக் கதை சொல்வது சுலபம். நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

நான் வேலை பார்ப்பது சென்னைக்கு வெளியே, கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில். 2020 கடைசியில், பழைய ஷெட்டை ஒட்டிப் புதிய மெஷின் ஷாப் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெறும் நிலத்தில் ஆலை கட்டுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கிற ஆலையை ஒட்டிக் கட்டுவது வேறு. குடியிருக்கிற வீட்டின் மேல் மாடி எடுக்கிற மாதிரி. கீழே அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் அபாயப் பட்டியல் போட்டேன். ஒவ்வோர் அபாயமும் நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை மார்க். நடந்தால் வரும் பாதிப்புக்கும் 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கி, பெரிய எண்ணை முதலில் கவனிக்க வேண்டும். மொத்தம் 40 வரிகள். கடைசிக் கட்டம் "பொறுப்பாளர்".

பதினேழாவது வரி: "தரைக்கடியில் பழைய கேபிள்கள்." வாய்ப்பு 2, பாதிப்பு 5, ஆக 10. பொறுப்பாளர் கட்டத்தில் நான் எழுதியது, "அனைவரும்".

2021 பிப்ரவரியில் மெஷின் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்ட வேண்டும். முந்தின வாரம் எங்கள் சீனியர் எலக்ட்ரீஷியன் வந்து, "சார், டிராயிங்கை நம்பாதீங்க. பேனலை மாத்தினப்போ கேபிளை வேற வழியா போட்டோம். அது டிராயிங்ல ஏறல" என்றார். "பார்த்துக்கலாம் அண்ணே" என்றேன். எலக்ட்ரிகல் ஆட்கள் பார்ப்பார்கள் என்று காண்ட்ராக்டர் நினைத்தார். நான் பார்ப்பேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான்தான் "அனைவரும்" என்று எழுதிவிட்டேனே!

பொக்லைன் பல் 11,000 வோல்ட் கேபிளில் பட்டது. பிரேக்கர் உடனே விழுந்ததால் டிரைவர் தம்பி உயிர் தப்பினார். ஆலை 31 மணி நேரம் நின்றது. பணக் கணக்கை விடுங்கள். மண்ணில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது அந்தத் தம்பியின் கை நடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செய்திருக்க வேண்டியது என்ன? கேபிள் லொக்கேட்டரால் தடம் பார்த்து, சந்தேகமான இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டி, எழுத்துமூலம் அனுமதி கொடுத்த பிறகே பொக்லைனை இறக்கியிருக்க வேண்டும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

அதே பட்டியலில் "வெள்ளம்" என்றும் ஒரு வரி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பேனல் அறையில் முழங்கால் தண்ணீர். இந்த வரிக்கு மட்டும் சக பொறியாளர் ஒருவரின் பெயரையும் முடிக்க வேண்டிய தேதியையும் போட்டிருந்தேன். அவர் சுவரில் இருந்த பழைய தண்ணீர்க் கறையை அளந்து, புதிய பேனல் அறையின் தரையை அதற்கும் மேலே 60 செ.மீ. உயர்த்த வைத்தார். செலவு அதிகம் என்று நானே அவரோடு சண்டை போட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வளாகத்துக்குள் தண்ணீர் வந்தது. அந்த அறைக்குள் வரவில்லை.

பட்டியலில் இல்லாததும் வரும். 2021 மார்ச் 23 அன்று "எவர் கிவன்" என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, 29ஆம் தேதி வரை வழி அடைபட்டது. ஐரோப்பாவிலிருந்து எங்கள் மெஷினை ஏற்றி வந்த கப்பலும் அங்கே காத்துக் கிடந்தது. இதை யார் முன்கூட்டி எழுத முடியும்? கால அட்டவணையில் மூன்று வாரம் சும்மா விட்டு வைத்திருந்தோம். அது காப்பாற்றியது.

தம்பி தங்கைகளே, தெரிந்த அபாயத்துக்கு ஓர் ஆளையும் தேதியையும் போடுங்கள். தெரியாததற்குக் கொஞ்சம் நாளும் பணமும் ஒதுக்குங்கள். தரையில் வேலை செய்கிறவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால், அங்கேயே நின்று கேளுங்கள்.

அந்தப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். பதினேழாவது வரியில் "அனைவரும்" என்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.