சகுனம் என்றால் பறவை
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



வரவு செலவு பேசி முடிச்சாச்சு. ஒரே ஒரு தீர்மானம் பாக்கி இருக்கு. அதுக்கு முன்னால ஒரு வார்த்தையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வோம்.

போன மாதம் நம்ம குழு ஒன்றின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கத்தில், 'சகுணம் சரியில்லாததால் வங்கிக்குப் போவது மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. மூணு சுழி போட்டு. எழுத்துப் பிழைதான் முதலில் கண்ணில் பட்டது. அப்புறம்தான் என்ன நடந்தது என்று விசாரித்தோம். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கிளம்பும்போது எதிரே வந்தவர் அதே குழுவின் உறுப்பினர். கணவரை இழந்தவர். மறந்துபோன ரசீதைக் கொடுக்க ஓடி வந்திருக்கிறார். அந்தக் குழுவுக்குக் கணக்கு எழுதுறதும் அவங்கதான், நோட்டு எழுதுறதும் அவங்கதான். அந்த வரியும் அவங்க கையெழுத்துதான்.

முதலில் எழுத்தைப் பார்த்துவிடுவோம். ரெண்டு சுழி 'ன' போட்டு 'சகுனம்' என்று எழுத வேண்டும். மூணு சுழி போட்டால் அது வேறு வார்த்தை. குணங்களோடு கூடியது என்று அர்த்தம் வரும். கடவுளுக்கு உருவமும் குணமும் உண்டு என்று வைத்து வணங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லுகிற சொல் அது.

சரி, சகுனம் என்றால் என்ன? அது வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குப் பறவை என்று பொருள். மகாபாரதத்துச் சகுனியின் பெயருக்கும் பறவை என்றுதான் பொருள். பறவை எந்தப் பக்கம் பறக்கிறது, எப்படிக் கத்துகிறது என்று பார்த்துப் பயணம் கிளம்பியிருக்கிறார்கள். அதனால் பறவையின் பெயரே நல்லது கெட்டதுக்கும் பெயராகிவிட்டது. நம்ம தமிழிலும் இதே கதைதான். 'புள்' என்றால் பறவை. பழைய நூல்களில் நிமித்தத்துக்கும் அதே சொல்தான். ரோமாபுரிக்காரர்களும் இதற்குப் 'பறவை பார்த்தல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். யார் யாரிடமிருந்து கற்றார்களோ என்று குழம்ப வேண்டாம். தலைக்கு மேலே பறவை எல்லா ஊரிலும்தானே பறக்கிறது!

பறவையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காக்காய்க்கு மனசு நோகாது. பூனை மேல் ஏறி, வெறுங்குடத்தின் மேல் ஏறி, கடைசியில் பெண்ணின் நெற்றியிலும் கழுத்திலும் வந்து அல்லவா உட்கார்ந்துவிட்டது!

'விரிச்சி' என்று இன்னொரு பழைய சொல் உண்டு. இப்போது யாரும் சொல்வதில்லை. ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டு போய் நின்று, அந்தப் பக்கம் யாராவது யதேச்சையாகப் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதுதான் விரிச்சி. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் இது வருகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு நிற்கிறார்கள். குளிரில் நடுங்குகிற ஓர் ஆயர் பெண், தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம், உன் அம்மா இப்போ வந்துடுவாள் என்கிறாள். அதுவே நல்ல சொல் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சொன்னவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, புருஷன் இருக்கானா என்று அந்தப் பாட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கணவனை இழந்தவள் நெய்யில்லாத சோறு தின்று, பாயில்லாமல் பருக்கைக் கல் மேல் படுத்த கொடுமை புறநானூற்றிலேயே இருக்கிறது.

இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைம்பெண்ணைக் கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுத்த வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2023 ஆகஸ்டில், அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. கோயில் வாசலுக்குக் கோர்ட்டு வந்துவிட்டது. நம்ம குழு வாசலுக்கு யார் வருவது?

அந்த வங்கிக் கதை என்னாச்சு என்று கேட்பீர்கள். மறுநாள் நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி எதிரே வர, சந்தோஷமாகக் கிளம்பினார்கள். மேலாளர் லீவு! அதற்கும் அடுத்த நாள்தான் வேலை நடந்தது. கணக்கு நோட்டைப் புரட்டிய மேலாளர், இவ்வளவு சுத்தமா யாரும்மா எழுதினது என்று கேட்டாராம். அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் அவர்களே நம்மிடம் சொன்னார்கள். நாம் மட்டும் யோக்கியமா? போன ஆண்டு விழாவில் 'ஐந்து சுமங்கலிகள் குத்துவிளக்கு ஏற்றுவார்கள்' என்று நோட்டீஸ் அடித்தது நம்ம கூட்டமைப்புதானே.

இந்த ஆண்டு முதல் திரியை நீங்க ஏத்துங்க என்று அவரிடமே போய்க் கேட்டோம். "வேண்டாங்கக்கா. நாளைக்கு ஒரு மாடு செத்தாலும் என் தலையிலதான் விழும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஒருத்தரை மட்டும் முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்னால் ஒதுங்கிக்கொள்ளக்கூடாது.

அதனால்தான் இந்தத் தீர்மானம். ஆண்டு விழாவில் விளக்கேற்றும் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. எல்லா உறுப்பினர் பெயரும் பானைக்குள் இருக்க வேண்டும், ஒரு பெயரும் விடுபடக்கூடாது. சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறோம்.